தேங்காயெண்ணெய் பூசிய கால்காப்பு

சபீனா தன் முடி உலர்த்தியை என் முழங்காலுக்கு நேரே பிடித்தபடி தரையில் குந்தியிருந்தாள். ஜேர்மனியில், ஹம் நகரத்து ஐஸ் அரங்கில் பெண்கள் உடைமாற்றும் அறை. பெப்ரவரி மாத ஞாயிறு, மதிய நேரம். ஐஸ் ஹொக்கிப் போட்டியின் மூன்று பகுதிகளில் முதலாவது அப்போதுதான் முடிந்திருந்தது. கோல் காத்த நான் நான்கு கோல்களை உள்ளே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

என் கால்களில் கட்டியிருந்தவை என்னைவிட வயது கூடிய தோல் கால்காப்புகள். கணுக்காலில் தொடங்கித் தொடைவரை வரும் பழுப்புத் தோல், உள்ளே குதிரை மயிர் அடைத்தது. காலையில் வீட்டில் மினுங்கிய அந்தத் தோல் இப்போது மடிப்புக்கு மடிப்பு வெள்ளை பூத்து, பலகைபோல விறைத்துப் போயிருந்தது.

சூடு பட்டதும் வெள்ளை மறைந்தது. அறை முழுக்க எங்கள் வீட்டுக் குளியலறை மணம் எழும்பியது.

"வசந்தி, சூடு பிடிச்சா இளகுது. வெளியிலை போன உடனை திரும்பக் கல்லாகுது. உண்மையைச் சொல்லு, இதுக்கு என்னத்தைப் பூசினனி?" என்று சபீனா கேட்டாள்.

கதவு திறந்தது. முதலில் ஒரு நடைவண்டியின் முன் சில்லுகள் இரண்டும் உள்ளே வந்தன. அந்தக் கால்காப்புகளின் சொந்தக்காரி வந்துவிட்டார்.

அந்த மனிசி முழுதாக உள்ளே வந்து சேருவதற்குள், நான் இந்தக் கோலத்துக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்தியில் போன வாரம், நான் முதியோர் இல்ல வேலையில் சேர்ந்த கதையோடு நிறுத்தியிருந்தேன். இதுவும் அங்கேதான் தொடங்கியது.

வாசலை மறிப்பவள்

சபீனா என்னோடு இல்லத்தில் வேலை செய்கிறவள். இல்லத்துப் பணியாளர்களும் அவர்களுடைய கணவன்மார், மச்சான்மாரும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு ஐஸ் ஹொக்கி அணி வைத்திருந்தார்கள். அவள்தான் தலைவி. கோல் காத்த பெண் பிள்ளைத்தாய்ச்சி ஆனதும் அவள் கண் என்மேல் விழுந்தது.

"எனக்குச் சறுக்கத் தெரியாது," என்றேன்.

"தெரியும். ஆனா மறதி வருத்தக்காரர் இருக்கிற மாடியிலை, கதவாலை ஒருத்தரும் வெளியிலை போகாமல் மறிச்சு நிக்கிறதுக்கு உன்னைவிட்டா ஆளில்லை. இதுவும் அதுதான். என்ன, இஞ்சை உள்ளுக்கு வரவிடக்கூடாது."

எனக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. அந்தக் குளிர்காலம் முழுவதும், சின்னப் பிள்ளைகள் பிடித்துச் சறுக்கப் பழகும் பிளாஸ்டிக் பென்குயின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றினேன். ஆறு வயதுப் பிள்ளைகள் எனக்காகப் பென்குயினை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். வெட்கப்பட நேரமிருக்கவில்லை. விழுந்து எழும்பவே நேரம் சரியாக இருந்தது.

சறுக்கல் ஒருவாறு பிடிபட்டபின் அடுத்த சிக்கல் வந்தது. என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதை எழுதவேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், எழுதிவிட்டேன். அணியிடம் இருந்த இந்தக் காலத்துக் கால்காப்புகளைக் கட்டினால் இரண்டு குளிர்ப்பெட்டிகளுக்கு நடுவே ஒளித்து நிற்பதுபோல் இருந்தது. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் என் தொடை இருந்தது. திரும்பினால் நான் திரும்புவேன், அவை திரும்பா.

அந்த நாட்களில்தான் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருக்கும் என் மச்சாளோடு அங்கே பழைய சாமான் சந்தைக்குப் போனேன். மேசை விளக்குகளுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் இடையில், கயிற்றால் கட்டிய ஒரு சோடித் தோல் கால்காப்பு கிடந்தது. காலோடு வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாய் என் அளவு. அந்தக் காலத்துக் கோல்காரர்கள் இவ்வளவு பெரிதாகக் கட்டிக்கொள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"சுவரிலை மாட்டினா வடிவாய் இருக்கும்," என்றான் விற்றவன்.

"இதென்ன வசந்தி, மெத்தையோ?" என்றாள் மச்சாள்.

கேட்ட காசைக் கொடுத்தேன். காரில் மடியில் வைத்தபடியே ஹம்முக்குக் கொண்டுவந்தேன்.

கெலருக்குள் ஒரு பண்ணை

ஒரு சோடியோடு நின்றிருந்தால் நல்ல பெண்பிள்ளை என்று பெயரெடுத்திருப்பேன். தெருவோரம் வீசுவதற்கு வைத்திருந்த பழைய சாமான்களுக்குள் ஒரு தோல் கையுறை அகப்பட்டது. பிறகு கம்பளித் துணி தைத்த நெஞ்சுக்காப்பு. பிறகு என் கைக்குப் பெரிய, ஆனால் விட்டுவிட்டு வர மனம் வராத இன்னொரு கையுறை. எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையை, அதுதான் கெலரை, அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டன.

என் கணவர் குகன் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். கெலருக்கு அரிசி மூட்டை எடுக்கப் போய்விட்டு ஒருநாள் மேலே வந்து சொன்னார்: "மாட்டுத்தோல் கிடக்கு, குதிரை மயிர் கிடக்கு. இனிப் பால் கறக்கிறது மட்டுந்தான் மிச்சம்."

கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் நான் கெலருக்கு இறங்குவதில்லை. எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற நாட்களில் அதற்குள் போய், விளக்கைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். தோலும் பழைய வியர்வையும் சேர்ந்த ஒரு மணம். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த மணங்களில் அதற்குத்தான் முதலிடம், கோப்பி மணம்கூட அதற்குப் பின்னால்தான்.

சேர்ப்பதைவிட அணிவதுதான் எனக்குப் பெரிது. பின்பக்க வார்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் இழுத்துக் கொளுவும்போது கால் எனக்குச் சொந்தமில்லாத ஒரு பலத்துக்குள் போய்விடும். ஐஸ் ஹொக்கியில் பந்தில்லை, கறுப்பு ரப்பர் வட்டு. இந்தக் காலத்துக் காப்புகளில் பட்டால் அது எகிறி எங்கேயோ பறக்கும். தோலில் பட்டால் "தொப்" என்று ஒரு சத்தம், வட்டு செத்து என் காலடியில் விழும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வேலை முடிந்து, இடுப்பு நோவோடும் போவேன். தலைக்கு மட்டும் இந்தக் காலத்து முகமூடிதான். அவ்வளவுக்கு எனக்கு விசர் இல்லை.

ஆறாவது வருடம் அந்த முதற்சோடி தையல் விட்டது. வலது காலிலிருந்து குதிரை மயிர் ஐஸ் முழுக்கக் கொட்டியது. தைக்கக் கொடுத்த இடத்தில், ஊசி குத்தினால் தோல் கிழிகிறது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். என் அளவுக்கு வேறு சோடி என்னிடம் இல்லை. இன்னொன்று கிடைக்காவிட்டால் எனக்கு ஹொக்கி அதோடு சரி. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் அது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்குப் பெரிய விஷயம்தான். அந்தக் கிழமை இரண்டு தரம் அழுதேன்.

தொங்கவிடுபவர் அழைக்கவேண்டாம்

பல்பொருள் அங்காடியின் அறிவிப்புப் பலகையில், காணாமல் போன பூனைக்கும் பியானோ வகுப்புக்கும் நடுவே ஒரு சின்னக் காகிதம் குத்தியிருந்தது. "கோல் காப்பவரின் தோல் கால்காப்பு, சிறிய அளவு. அணிபவருக்கு மட்டும். தொங்கவிடுபவர் அழைக்கவேண்டாம்."

பால் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்று தொலைபேசி எடுத்தேன்.

ஃபிராவ் பிரிங்க்மன். மறுமுனையில் பேசிய அந்தத் திருமதிக்கு வயது எண்பத்தொன்று. அவர் பேசியது ஜேர்மன். என் தலைக்குள் வந்து சேரும்போது எல்லோரும் எங்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், அதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணி," என்றார்.

"எனக்கு அண்டைக்கு வேலை. அடுத்த மாதம் முதற்கிழமை ஒரு டெர்மின் தர ஏலுமோ?" என்று கேட்டேன். முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் சந்திப்புக்கு இங்கே டெர்மின் என்று பெயர்.

"ஏலாது. நான் அடுத்த மாதத்துக்கு டெர்மின் குடுக்கிறேல்லை. இந்த வயசிலை இந்த மாதத் தாளுக்கு அங்காலை நான் ஒண்டும் எழுதிறேல்லை. வெள்ளி பதினொண்டு."

வேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

வீடு முழுக்கப் பெட்டிகள். வசந்தகாலத்தில், முதியவர்கள் உதவியோடு வாழும் சின்ன வீடொன்றுக்கு மாறப்போகிறார், அங்கே கெலர் கிடையாது. கால்காப்புகள் சமையலறை மேசையில், பழைய செய்தித்தாளின்மேல் இருந்தன. அவருடைய கணவர் ஹைனருடையவை. பேக்கரியில் வேலை செய்த கட்டையான மனிதர், முப்பது வருடம் கோல் காத்தவர், இறந்து ஆறு வருடம். இடது காப்பின் உள்பக்கத் தோலில் மையால் இரண்டு பெயர்கள் இருந்தன. கீழே ஹைனரின் பெயர். மேலே இருந்த பெயர் மங்கிப்போயிருந்தது. அது யாரென்று ஹைனருக்கே தெரியாதாம்.

"டுசல்டோர்ஃபிலை ஒருத்தர் சேர்க்கிறாராம்," என்றார் ஃபிராவ் பிரிங்க்மன். "எழுதினதை வாசிச்சும் ஃபோன் அடிச்சவர். கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைச்சு லைட்டும் போடுவாராம். மகன் அவருக்குத்தான் குடு எண்டு நிக்கிறான்."

நான் ஒரு காப்பைத் தூக்கி என் காலோடு வைத்துக் காட்டினேன்.

"நான் போட்டு விளையாடுவன். ஞாயிறு எங்களுக்கு ஒரு போட்டி இருக்கு," என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஒரு மச். நான் வந்து பாப்பன். உங்கடை காலிலை இது வேலை செய்யுதெண்டா உங்களுக்கு. இல்லாட்டி லைட் போட்ட அலுமாரிக்கு. ஒண்டும் பூச வேண்டாம். தூசைத் தட்டிப்போட்டுக் கட்டுங்கோ."

"ஓம்," என்றேன்.

சனிக்கிழமை

ஓம் என்று சொன்னவள் வீட்டுக்கு வந்து அந்தத் தோலைப் பார்த்தேன். வெடித்த குதிகால் போல வறண்டு கிடந்தது. ஆறு வருடம் ஒரு கை படாத தோல். பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

ஜேர்மனியில் தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் எங்கே நிற்கும் என்று கேட்கவே தேவையில்லை. ஹீற்றரின் மேலே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மூத்த மகள் பான் நகரத்துக்குப் படிக்கப் போனபின் அந்தப் போத்தலுக்கும் எனக்கும் வேலை குறைந்திருந்தது. எண்ணெய் வைக்க ஒரு தலை இல்லாமல் இருந்த கைக்கு இரண்டு கால்காப்புகள் கிடைத்தன. போத்தல் முழுவதையும் தேய்த்து முடித்தேன். தோல் குடித்தது, குடித்தது, இன்னும் கேட்டது.

குகன் வாசலில் நின்று பார்த்தார். "அந்த மனிசி ஒண்டும் பூச வேண்டாமெண்டெல்லோ உமக்குச் சொன்னது?"

"இது பூசிறேல்லை. இது பராமரிப்பு."

"சரி. பராமரியும்."

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் போத்தலைக் குலுக்கியிருக்கிறேன், சுடுதண்ணீருக்குள் வைத்திருக்கிறேன், கரண்டிக் காம்பால் கிண்டியிருக்கிறேன். தேங்காயெண்ணெய் குளிரில் உறையும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படிப்பட்ட நான், அதை ஒரு போத்தல் தேய்த்து, ஐஸ்கட்டியின்மேல் நின்று விளையாடப் போனேன்.

மகளிடம் பிறகு சொன்னபோது அவள் சிரித்து முடிக்கும்வரை தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சமைத்தேன்.

நடைவண்டி உள்ளே வருகிறது

ஃபிராவ் பிரிங்க்மன் நடைவண்டியை என் முன்னால் நிறுத்தினார். சபீனாவின் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். குனிந்து என் முழங்காலை விரலால் தொட்டு, விரலை மூக்கில் வைத்தார்.

பொய் சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, பொய் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

"தேங்காயெண்ணெய்," என்றேன். "நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள். நான் கேக்கேல்லை. வறண்டு கிடந்தது, பாக்கப் பொறுக்கேல்லை. என்னிலைதான் பிழை."

அவர் விரலை இன்னொரு தரம் மணந்தார். முகத்தில் கோபமா என்று தெரியவில்லை. பிறகு சபீனாவிடம் திரும்பினார்.

"அந்தச் சூட்டை நிப்பாட்டுங்கோ. தோல் வெடிக்கும்." என்னிடம்: "நீங்கள் ஏன் ஒவ்வொரு தரமும் முழங்காலிலை விழுறீங்கள்?"

"இப்ப எல்லாரும் அப்பிடித்தானே தடுக்கினம்."

"இது இப்பத்தையான் சாமானே? ஹைனர் முப்பது வருசம் நிண்டவர். விழுந்து நான் பாக்கேல்லை. நிண்டு விளையாடுங்கோ."

நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கால்காப்பு யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் துணிவில்லை. கண்ணாடி அலுமாரியும் அதற்குள் எரியும் லைட்டும் என் கண்ணுக்குள் நின்றன.

இரண்டாம் பகுதி தொடங்கியது. ஐஸில் கால் வைத்ததும் எண்ணெய் திரும்ப இறுகியது. விழ நினைத்தாலும் இனி முழங்கால் மடியாது. சரி, நிற்போம் என்று நின்றேன். பலகைபோல் விறைத்த இரண்டு கால்கள், நடுவில் என் மட்டை. வட்டு வரும் பக்கம் ஓரடி வைத்து நகர்வதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. முதியோர் இல்லத்துக் கதவடியில் நான் செய்வதும் அதுதான்.

முதல் அடி இடது காலில் பட்டது. "தொப்." வட்டு காலடியில் விழுந்தது. கூடவே உறைந்த எண்ணெய் பொருபொருவென்று துருவிய தேங்காய்போல் ஐஸில் கொட்டியது. எதிரணிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது வலது காலில். அதற்கடுத்தது நெஞ்சில். இரண்டாம் பகுதி முழுவதும் ஒன்றும் உள்ளே போகவில்லை. எங்கள் ஆட்களுக்கும் உசார் பிடித்தது, சபீனா இரண்டு கோல் போட்டாள்.

மூன்றாம் பகுதியில் நாங்கள் மூன்றாவதையும் போட்டோம். அவர்கள் ஒன்று போட்டார்கள், என் தோளுக்கு மேலால். அது உயரக்குறை, அதற்கு எந்த எண்ணெயும் கிடையாது. கடைசி நிமிடத்தில் ஒருவன் தனியாக வட்டோடு என்னை நோக்கி வந்தான். என்னை ஏமாற்றி விழவைக்க ஒருபக்கம் சாய்ந்து காட்டினான். சாய்ந்து விழுவதற்கு எனக்குக் கால் மடியவில்லையே. நான் நின்ற இடத்தில் நின்றேன். அவன் குழம்பி நேரே அடித்தான். வட்டு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வந்து செத்தது.

"விடாதை! விடாதையடி!" என்று பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல் தமிழில் கத்தியது. கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னை "நீர், உம்மை" என்று மட்டுமே கூப்பிட்ட குகன்.

ஐந்துக்கு மூன்று. தோற்றுவிட்டோம்.

எழுதாத பேனா

வார்களைக் கழற்றி, கால்காப்புகளைத் துவாயால் துடைத்து, வெளியே கொண்டுபோனேன். ஃபிராவ் பிரிங்க்மன் கதகதப்பான தேநீர்ச் சாலையில் தன் நடைவண்டியின் இருக்கையில் இருந்தார். எதிரே குகன் தேநீர் வாங்கிவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்ததுபோல் தெரிந்தது.

"கொண்டு வந்திட்டன்," என்று மேசையில் வைத்தேன். அவற்றைத் திரும்ப எடுக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் இடது காப்பைத் திருப்பி உள்பக்கத்தை மேலே கொண்டுவந்தார். கைப்பைக்குள் துழாவி ஒரு பேனாவை எடுத்தார்.

"பேர் முழுக்கச் சொல்லுங்கோ. இதைப் போட்டு விளையாடுற ஆள் தன்ரை பேரை எழுதோணும்."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குகனுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் எழும்பி யன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார்.

ஃபிராவ் பிரிங்க்மன் பேனாவை என்னிடம் நீட்டினார். ஹைனரின் பெயருக்குக் கீழே வைத்து இழுத்தேன். ஒரு கோடும் விழவில்லை. திரும்ப இழுத்தேன். மை எண்ணெயின்மேல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வழிந்தது. உள்பக்கத்தையும் நான் விட்டுவைத்திருக்கவில்லை.

அவர் பார்த்தார். முதற்தடவையாகச் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க.

"உந்த எண்ணெய் எப்ப போகும்?"

"ஒரு வருசம் செல்லும்," என்றேன். "ஒவ்வொரு கிழமையும் போட்டு விளையாடினா."

"அப்ப கொண்டுபோய் ஒவ்வொரு கிழமையும் போடுங்கோ."

பேனாவை வாங்கிக்கொண்டார். கைப்பையிலிருந்து மருந்துக்கடை இலவசமாகக் கொடுக்கும் சின்னக் கலண்டரை எடுத்தார். பெப்ரவரித் தாளைத் தாண்டினார். வெறும் தாள்களாக மார்ச்சையும் ஏப்ரலையும் தாண்டினார், கோடையைத் தாண்டினார், டிசம்பரையும் தாண்டினார். கடைசிப் பக்கத்தில் அடுத்த வருடத்துக்கென்று ஒடுக்கமான ஒரு கட்டம் இருந்தது. அதில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆறுதலாக எழுதினார்.

"பெப்ரவரி, முதல் வெள்ளி, பதினொரு மணி," என்றார். "புது வீட்டு விலாசம் பிறகு தாறன். நேரத்துக்கு வாங்கோ."

அந்த வருடம் முழுவதும் நான் ஒரு கிழமையும் விடவில்லை. காய்ச்சலோடு ஒருநாள் போய்ச் சபீனாவிடம் ஏச்சு வாங்கினேன். வெள்ளை பூப்பது ஐப்பசியோடு நின்றது.

அடுத்த பெப்ரவரி முதல் வெள்ளி, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கால்காப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புது வீட்டின் மணியை அழுத்தினேன். உள்ளே சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

மூடி கழற்றிய பேனா அவர் கையில் இருந்தது.